வேகாவனத்தில் ஓர் ஒட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே லொறிகளின் இரைச்சல் அடங்கிக் காட்டு வாசம் வரத் தொடங்கும். ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு என்று ஊர்கள் வந்து போக, இரண்டு கரையிலும் பாலை, வீரை, முதிரை. ஆனி மாதம் என்பதால் வீதியோரத்தில் சிறுவர்கள் பாலைப்பழத்தைப் பேணியால் அளந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வானை நிறுத்தி இரண்டு பேணி வாங்கினோம். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், இனிப்புப் போன பிறகும் அதன் பால் உதட்டிலும் பல்லிலும் பிசின்போலப் பிடித்துக்கொண்டிருக்கும். "இண்டைக்கு வாறவை எல்லாற்றை பல்லிலையும் இதுதான் இருக்கப்போகுது, டொக்டர்" என்றார் பின்னாலிருந்த தாதி. அப்படித்தான் இருந்தது.

ஒட்டுசுட்டானுக்கு இது எங்கள் இரண்டாவது பயணம். மாசியில் ஒருமுறை வந்து, பொதுநோக்கு மண்டபம் ஒன்றில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஜெனரேற்றரை இயக்கி, மாலை மங்கும்வரை வாய் பார்த்தோம். நான் முரசு நோய்க்கு வைத்தியம் செய்கிறவன். தமிழ்நாட்டில் ஈறு என்பதை எங்கள் பக்கத்தில் முரசு என்போம். அன்றைக்குப் பார்த்தவர்களில் சிலரை மூன்று நான்கு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று அட்டையில் குறித்து வைத்திருந்தேன். அவர்களில் ஒரு பெண்ணுக்காக இந்த முறை பையில் ஊடுகதிர்ப் படம் ஒன்றையும் சுமந்து வந்தேன்.

மண்டபம் திறக்க நேரம் இருந்தது. தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஊரின் பெயர்க் கதையைக் கோயில் வாசலில் பூ விற்ற அம்மா எங்களுக்குத் திரும்பச் சொன்னார். குரக்கன் அறுத்த ஒருவன் மிஞ்சிய ஒட்டுக்கு நெருப்பு வைத்தானாம். எல்லாம் எரிந்தும் ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றதாம். போய்ப் பார்த்தால் அங்கே இலிங்கம். ஒட்டைச் சுட்டதால் ஒட்டுசுட்டான். வேகாமல் நின்றதால் அந்த இடம் வேகாவனம், சுவாமி வேகாவனப்பெருமான். கற்பூர வெளிச்சத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது என் மனம் தொழில் பக்கம் போனதை மறைக்க மாட்டேன். அறுத்த பயிரின் அடிக்கட்டைக்கும் ஒட்டு என்றுதான் பெயர். ஒரு மரத்தில் இன்னொன்றை இணைத்து வளர்ப்பதும் ஒட்டு. எலும்பு கரைந்த இடத்தில் நாங்கள் வைக்கும் பொருளையும் எலும்பு ஒட்டு என்கிறோம். அந்த ஒட்டில் ஒரு வகை சுட்டு எடுத்ததுதான்.

அது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எலும்பின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம், கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த அபடைற் வகை. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். மாட்டெலும்பைச் சூளையில் வைத்து ஆயிரம் பாகையைத் தாண்டிச் சுட்டால் நாரும் கொழுப்பும் கிருமியும் எல்லாம் போய்விடும். கனிமம் வேகாமல் நிற்கும். அதுவும் பொடியாகிவிடாது, எலும்பில் இருந்த நுண்ணிய அறைகளும் வாசல்களும் அப்படியே இருக்கும். சுவிற்சர்லாந்துப் பயோ-ஒஸ் போன்றவற்றில் இவ்வளவு சூடு கொடுப்பதில்லை, குறைந்த சூட்டோடு இரசாயன முறையில் நாரை நீக்குகிறார்கள். எந்த முறையானாலும் கிடைப்பது வெள்ளைக் குறுணி. தோசைக்கு ஊறப்போட்ட அரிசியை இரண்டாக உடைத்தால் வருமே, அந்த அளவும் அதைவிடச் சிறியதும். அறைகள் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குக்குக் குறைந்தால் இரத்தக் குழாய் நுழையாது, குழாய் நுழையாவிட்டால் எலும்பும் வராது. அதிகம் சுட்டு இறுகினால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. குறைவாகச் சுட்டால் எலும்பு வந்து சேருமுன்னரே இடிந்துவிடும். ஒட்டுசுட்டானில் ஒரு காலத்தில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் யாராவது இதைக் கேட்டால் புதிதாக ஒன்றும் சொல்லவில்லையே என்பார்கள். களிமண்ணுக்கும் அதே பக்குவம்தான்.

அந்தப் பெண் முதல் ஆளாகவே வந்து காத்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். முத்தையன்கட்டுப் பக்கம் உழுந்தும் கச்சானும் போடுகிற குடும்பம். மாசியில் வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "முரசால இரத்தம் வருது, பல்லும் ஆடுது. கழட்டி விடுங்கோ." கீழ் வலப்பக்கக் கடைவாய்ப்பல். சொத்தை ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்படிப்பட்ட பல்லைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் மெதுவாக இறக்கிப் பார்ப்போம். நல்ல வாயில் மூன்றுக்கு மேல் இறங்காது. இவருக்குப் பல்லின் பின்பக்கம் எட்டு மில்லிமீற்றர் இறங்கியது. கம்பியை எடுக்கக் கூடவே இரத்தம் வந்தது. அன்று காரையைச் சுரண்டி, வேரைத் துப்புரவாக்கி, பல்லிடுக்குக்குச் சின்னத் தூரிகை கொடுத்து, அதை எப்படிப் போட்டு எடுப்பது என்று கண்ணாடியில் காட்டி அனுப்பினோம். இப்போது ஆனியில் அதே இடத்தில் கம்பியை இறக்கினேன். ஆறு. எடுத்தேன். இரத்தம் இல்லை. வாய் முழுக்கச் சுற்றிவந்தும் இரண்டே இடத்தில்தான் கசிவு. அவர் நாளும் தவறாமல் செய்திருக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த நோயில் பலர் தவறாக எண்ணுகிற ஒன்று இருக்கிறது. கிருமி எலும்பைத் தின்பதாக நினைக்கிறார்கள். எலும்பைக் கரைப்பது நம் உடம்பேதான். வேரில் படிந்த அழுக்கில் பக்றீரியா பெருகி இறங்க இறங்க, அதை எதிர்க்கும் அழற்சியில் எலும்பைக் கரைக்கும் கலங்கள் விழித்துக்கொள்கின்றன. நெருப்பு வருகிறது என்று கூரையைத் தானே பிரித்துப் பின்வாங்குவதுபோல எலும்பு பின்வாங்குகிறது. நோவதில்லை. அதனால்தான் ஆட்டம் காணும்வரை ஆள் வருவதில்லை. அழுக்கை எடுத்தால் கரைவது நின்றுவிடும். ஆனால் போன எலும்பு தானாக வராது. மாசிக்கும் ஆனிக்கும் இடையில் அவருக்குக் குறைந்த இரண்டு மில்லிமீற்றர் வீக்கம் வடிந்து முரசு இறுகியதால் வந்தது. மிச்ச ஆறுக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. அதைத்தான் படத்தில் பிடித்துக் காட்டினேன்: வேரை ஒட்டிக் கறுப்பாக, ஒடுங்கிய கிண்ணம்போல.

கிண்ணம் என்பது நல்ல சேதி. எலும்பு மட்டமாக, குளத்து நீர் வற்றுவதுபோல ஒரே சீராக இறங்கியிருந்தால் ஒட்டு வைத்து உயர்த்த இன்றைக்கும் நம்பிக்கையான வழி கிடையாது. மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நிற்கிற குழியானால் வைத்த பொருள் சரியாது, இரத்தம் உறைந்து நிற்கும், சுவரிலிருந்தே புதிய எலும்பு உள்ளே ஊர்ந்து வரும். அப்படியும் பெரிதாக வாக்குக் கொடுக்க முடியாது. இந்தச் சிகிச்சைகளை வெறும் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சராசரியாகக் கூடுதலாகக் கிடைக்கும் பிடிப்பு ஒரு மில்லிமீற்றரும் சொச்சமும். அவ்வளவுதானா என்று கேட்பார்கள். ஆடுகிற பல்லுக்கு அந்த ஒரு மில்லிமீற்றர் பத்து வருடம் கச்சான் கடிக்கிற பலமாக இருக்கலாம்.

மதியத்துக்குள் ஒரு பெரியவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சிலேயே தெரிந்தது, மலையகம். "எங்க ஊரு பூண்டுலோயா பக்கமுங்க ஐயா. எழுபத்தேழு கலவரத்துல இங்கிட்டு வந்தோம்" என்றார். வாயில் கீழே முன்பல் ஐந்து மட்டும். சொத்தை விழுந்து போனவை அல்ல. "ஒவ்வொண்ணா ஆடி ஆடி, சோத்துலயே வந்து விழுந்திருச்சுங்க" என்றார். எத்தனை வயதில் தொடங்கியது என்று கேட்டேன். முப்பது தாண்டியதும் என்றார்.

பூண்டுலோயா என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த கருவியை வைத்துவிட்டேன். உலகம் முழுக்க முரசு நோய் படிக்கும் எந்த மாணவனும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்துதான் போகவேண்டும். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் 1970இல் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை அளந்தார்கள். ஒஸ்லோவில் மாணவரையும் கற்றவர்களையும் முந்திய வருடமே அளந்து வைத்திருந்தார்கள். அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பல் வைத்தியம் கண்டவர்கள். இவர்கள் தூரிகையும் அறியாதவர்கள். வைத்தியமே நடக்காவிட்டால் இந்த நோய் எப்படிப் போகும் என்பதுதான் கேள்வி. 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். விடை 1986இல் வெளியானது. எல்லோருடைய முரசும் வீங்கியிருந்தது, ஆனால் எலும்பு எல்லோருக்கும் ஒரேபோலக் கரையவில்லை. நூற்றில் 11 பேருக்குக் கரையவே இல்லை. 81 பேருக்கு மெல்ல மெல்ல. 8 பேருக்கு அடித்துக்கொண்டு போனது. அந்த எட்டுப் பேர் 45 வயதில் ஒரு பல்லும் இல்லாமல் நின்றார்கள். நாற்பது வருடம் கழித்து 2010இல் திரும்பத் தேடிப்போனபோது 75 பேரைப் பார்த்து அளக்க முடிந்தது.

480 பேரில் 1985 வரை நின்றவர்கள் 161. புள்ளிவிபரத்தில் அது விடுபட்டோர் தொகை. பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய வருடங்கள் அவை. 1977இல் வீடு எரிந்து வன்னிக்கு லொறி ஏறிய வருடமும் அதற்குள்தான் இருக்கிறது. அளவெடுக்க வந்தவர்கள் தேடிய சிலராவது இப்படி ஏதாவது ஒரு குளத்தடியில் காடு வெட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். இந்தப் பெரியவர் அந்த 480இல் ஒருவர் அல்ல, அவர் தோட்டம் வேறு. ஆனால் அவர் வாய் அதே கதையைச் சொன்னது. ஆரம்பத்திலேயே காரையை எடுத்துவிட்டால் எலும்பு நிற்கும் என்பதையும், யாருக்கு வேகமாகப் போகும் என்பதை முன்னதாகவே தேடவேண்டும் என்பதையும் உலகம் இந்த மக்களின் வாயிலிருந்து கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதால் வந்த மருந்தும் ஒட்டும் இவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எட்டவேண்டும். இதை நான் உதவியாகப் பார்க்கவில்லை, கடனாகத்தான் பார்க்கிறேன்.

பேத்தியின் முரசில் லேசான சிவப்பு மட்டும். பெரியவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று, தாதி தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சாரதி தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் செயற்கை. "பல்லுக்கு எலும்பு வளக்கலாமெண்டால் இதுக்கு ஏலாதோ?" ஏலாது என்று சொல்லிவிட்டு, லரி ஹென்ச் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி ஆராய்ந்தவர். 1967இல் இராணுவம் நடத்திய ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போனபோது பக்கத்தில் இருந்தவர் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு கேணல். உள்ளே வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்ரிக்கையும் உடம்பு ஏற்காமல் தள்ளுவதால் பொடியன்களின் கைகாலை வெட்ட வேண்டியிருக்கிறது, உடம்பு ஏற்கிற பொருள் ஒன்றைச் செய்யமாட்டீர்களா என்று கேட்டாராம். ஹென்ச் மணலில் இருக்கும் சிலிக்காவோடு சோடியம், கல்சியம், பொஸ்பரஸ் ஒட்சைட்டுகளைச் சேர்த்து உருக்கிய கண்ணாடியை 1969இல் எலியின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரம் கழித்து அதை எலும்பிலிருந்து தள்ளி எடுக்க முடியவில்லை, ஒட்டிப்போயிருந்தது. உடம்பின் நீர் பட்டதும் அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு கரைந்து, எலும்பில் இருக்கும் அதே அபடைற் படை அதன்மேல் படிகிறது. எலும்பு அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. 1993 முதல் அதைப் பொடியாக்கி முரசுக் குழிக்கும் போடுகிறார்கள். கால் இழந்தவர்களுக்காகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை பல்லடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தம்பி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கேணலும் கனக்கக் கண்டிருப்பார்" என்றார்.

பின்னேரம் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்கினேன். முரசை மெல்லத் திறந்து, குழியைச் சுரண்டி, குறுணியை அவருடைய இரத்தத்திலேயே நனைத்து வைத்து, அதன்மேல் ஒரு சவ்வைப் போர்த்தித் தைப்போம். "சவ்வு ஏன்?" என்று கேட்டார். உழுந்து விதைத்தால் வேலி ஏன் அடைக்கிறீர்கள் என்று கேட்டேன். மாடு வரும் என்றார். இங்கேயும் அதேதான். முரசுத் தோல் வேகமாக வளர்கிற சாதி. விட்டால் எலும்பு எழும்புவதற்கு முன்னமே குழிக்குள் இறங்கி நிரப்பிவிடும். பிறகு எலும்புக்கு இடமில்லை. சுவீடனில் ஸ்டூரே நீமன் 1982இல் முதன்முதலாக மனித வாயில் இந்த வேலியைப் போட்டுக் காட்டியபோது அது ஒரு வடிதாள். அதன்பின் வந்த வேலிகளை இன்னொரு முறை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கொலாஜன் சவ்வு, சில வாரத்தில் அல்லது மாதத்தில் தானே கரைந்துவிடும். சென்னையில் மீனிலிருந்து எடுத்த கொலாஜனில் பெரியோகோல் என்ற பெயரில் செய்கிறார்கள்.

"அந்தக் குறுணி என்னத்தால செய்தது?"

எதிர்பார்த்த கேள்வி. சுற்றி வளைக்காமல் சொன்னேன். அதிகம் பழகியது மாட்டெலும்பு. அவர் முகம் மாறியது. "வேகாவனத்தாற்றை கோயிலடியில இருந்துகொண்டு மாட்டெலும்பை வாயில வைக்கேலாது டொக்டர்." இந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளும் வைத்தியர்களை எனக்குத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை. உடம்புக்குள் வருடக்கணக்கில் தங்கப்போகும் பொருள் எது என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. முஸ்லிம் ஆட்களுக்கு, இதே சிகிச்சைக்குப் பன்றிக் குட்டியின் பல்முளையிலிருந்து எடுக்கும் புரதத்தைப் பற்றியும் இதேபோலச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ட்ரைகல்சியம் பொஸ்பேற் முழுக்கச் செயற்கை. விலங்கு எதுவும் சேராது, மாதக்கணக்கில் மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் நிறுவனம் அபடைற்றையும் ஹென்ச் வழிக் கண்ணாடியையும் கலந்து ஒரு குறுணி ஆக்கியிருக்கிறது. இவரின் கையிலிருந்தே ஒரு குழாய் இரத்தம் எடுத்து, உறைய விடாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் சுழலியில் ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றினால் நடுவில் மஞ்சள் நிறத்தில் வழுவழுவென்று ஓர் உறைகட்டி வரும். பிரான்ஸில் யோசெப் ஷுக்ருன் 2001இல் சொன்ன முறை. காயத்தை ஆற்றும் சத்து அதில் நிறைய இருக்கிறது, செலவு குழாய்க்கும் மின்சாரத்துக்கும் மட்டும். அதையும் செயற்கைக் குறுணியையும் சேர்த்து வைக்கலாம் என்றேன்.

விலைதான் எனக்கு இடிக்கிற இடம். அரைக் கிராம் குறுணி அடைத்த சிறு குப்பி ஒன்று கூலி வேலை செய்கிறவரின் பல நாட் சம்பளம், அதுவும் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேரவேண்டும். இத்தனைக்கும் அனுராதபுரத்துக்குத் தெற்கே எப்பாவலையில் அபடைற் பாறை மலையாகக் கிடக்கிறது. 1971இல் கண்டுபிடித்தது. உரத்துக்கு வெட்டி எடுக்கிறோம். அதே பாறையிலிருந்து எலும்புக்கு ஏற்ற அபடைற் செய்து பார்த்த இலங்கை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் வாய்வரை வர நெடுந்தூரம், பரிசோதனைகள் பல, அது எனக்குத் தெரியும். தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு முன்னால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரை எடுக்க ஓர் ஆளும் ஒரு கருவியும் இந்த வீதியில் வந்து போக வேண்டும். அது வராமல் எந்த ஒட்டும் இங்கே நிற்காது. அழுக்கு நிறைந்த வாயில் வைத்த குறுணி சீழோடு வெளியே வரும், நான் கண்டிருக்கிறேன்.

அவர் படத்தை வாங்கித் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கறுப்புக் கிண்ணத்தை விரலால் தொட்டார்.

"என்ரை இரத்தமும் அந்தச் செய்து எடுத்ததும் எண்டால் சரி. சிறுபோகம் வெட்டி முடியட்டும். ஆவணியில யாழ்ப்பாணம் வாறன். அதுக்குள்ள இந்தப் பல்லு விழாதோ?"

"இப்பிடியே தூரிகை போட்டால் விழாது."

அட்டையில் ஆனி அளவை எழுதினேன். எட்டுக்குப் பக்கத்தில் ஆறு. அதற்குப் பக்கத்தில் ஆவணி என்று எழுதிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அவர் அட்டையை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வாசலில் பேத்தியோடு நின்ற பெரியவரிடம் முத்தையன்கட்டு பஸ் போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை என்றார் பெரியவர். மூவரும் சந்தியை நோக்கி நடந்தார்கள். பேத்தி கையில் புதுத் தூரிகை, உறை பிரிக்காமல்.